வேருக்கும் பூசணத்துக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல்

கோலாலம்பூர் சுற்றுவட்டாரத்தில் எந்த மலைச்சரிவை வெட்டினாலும் உள்ளே செம்மண்தான். அந்தச் சிவப்பு இரும்பு ஆக்சைடு தரும் நிறம். கார அமில நிலை பெரும்பாலும் 4-க்கும் 5-க்கும் நடுவில் நிற்கும். சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் மழையில் கரைந்து எப்போதோ போய்விட்டன. மணிச்சத்து (பாஸ்பரஸ்) கொஞ்சம் இருக்கிறது, ஆனால் இரும்பும் அலுமினியமும் அதை இறுகப் பிடித்து வைத்திருக்கின்றன. காய்கறி போட ஏற்ற மண் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இதே மண்ணில்தான் 50 மீட்டர் உயரத்துக்கு மெராந்தி, கபூர், கெருயிங் மரங்கள் நிற்கின்றன. அவற்றுக்கு ஒரு பிடி உரம் போட்டவர் இல்லை.

"இலை உதிர்ந்து மக்கி எருவாகிறது, அவ்வளவுதானே" என்பார்கள். பாதி பதில் அது. இந்த வெப்பத்திலும் ஈரத்திலும் இலை சீக்கிரமே மக்கும், சத்தும் வெளியே வரும். வந்த சத்தை அடுத்த மழை அடித்துப்போகும் முன்பும், இரும்பு பிடித்துக்கொள்ளும் முன்பும் யாராவது கைப்பற்ற வேண்டும். அந்த வேலையில் பெரும்பங்கு வேரோடு ஒட்டி வாழும் பூசணத்தினுடையது, அதாவது ஒருவகைப் பூஞ்சையினுடையது. மைக்கோரைசா என்று கடைகளில் பொட்டலம் போட்டு விற்கிறார்களே, அதே கூட்டணிதான்.

வேர் இருக்கும்போது பூசணம் எதற்கு? மணிச்சத்தின் குணம்தான் காரணம். தழைச்சத்து (நைட்ரஜன்) தரும் நைட்ரேட் தண்ணீரோடு ஓடி வேருக்கு வந்துவிடும். மணிச்சத்து தரும் பாஸ்பேட் அப்படி வராது, மண்துகளில் ஒட்டிக்கொள்ளும். வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் இருக்கும் பாஸ்பேட்டை உறிஞ்சி முடித்ததும் அந்த இடம் வறண்டுவிடுகிறது, வெளியிலிருந்து புதிதாகப் பரவி வருவது மிக மெதுவாகத்தான். புதிய வேரை நீட்டலாம், ஆனால் வேர் கட்டுவது செடிக்குச் செலவு பிடித்த வேலை. பூசண இழையின் விட்டமோ 2 முதல் 10 மைக்ரோமீட்டர்தான். ஒரு வேர்த்துண்டைக் கட்டும் செலவில் அதைப்போல் பல மடங்கு நீளத்துக்கு இழையை ஓட்டிவிடலாம். வேர் நுழையாத நுண்துளையிலும் அது நுழையும், வேரிலிருந்து பல சென்டிமீட்டர் தாண்டியும் போகும்.

இந்தக் கூட்டணியில் பல வகை உண்டு. நமக்கு முக்கியமானவை இரண்டு: வேரின் செல்லுக்குள்ளேயே புகும் உட்பூசணம், வேர் நுனியைப் போர்த்திக்கொண்டு செல்களுக்கு இடையில் மட்டும் புகும் வெளிப்பூசணம். ஆர்க்கிட் விதைக்கென்று தனி வகை ஒன்று இருக்கிறது, அதை இங்கே தொடவில்லை.

உட்பூசணம்தான் பழையது, பரவலானதும்கூட. நிலத்தாவர இனங்களில் சுமார் 70 விழுக்காட்டுக்கு மேல் இந்த வகைதான். டுரியான், ரம்புத்தான், வாழை, மா, ரப்பர், செம்பனை, மிளகாய், கத்திரி, வெண்டை, வெங்காயம் எல்லாம் இதில் அடக்கம். ஸ்காட்லாந்தின் ரைனி என்ற இடத்தில் கிடைத்த சுமார் 40 கோடி ஆண்டுப் பழமையான புதைபடிவங்களில், சரியான வேர்கூட உருவாகாத செடிகளின் செல்களுக்குள் இந்தப் பூசணத்தின் கிளைத்த உருவம் தெரிகிறது. செடி வேரைக் கண்டுபிடிக்கும் முன்பே கூட்டாளியைக் கண்டுபிடித்துவிட்டது.

மரவள்ளி நல்ல உதாரணம். ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில் தோட்டப்புறத்துச் சனங்களுக்குச் சோறாக நின்ற கிழங்கு. எந்தப் பொட்டல் மண்ணிலும் வரும் என்று பெயர். ஆனால் அதன் வேரைப் பார்த்தால் தடித்து, கிளை குறைந்து, வேர்த்தூவி அருகிப்போய் இருக்கும். மண்ணைக் கிருமிநீக்கம் செய்து பூசணத்தை ஒழித்துவிட்டு நட்டால், மணிச்சத்து நிறையக் கொடுத்தாலொழிய மரவள்ளி குன்றிப்போகிறது. "எங்கேயும் வரும்" என்ற பெயரில் பாதி பூசணத்துக்குச் சேர வேண்டியது.

உள்ளே நடப்பது இதுதான். மணிச்சத்துக்குப் பசித்த வேர் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளை மிகமிகச் சிறிய அளவில் மண்ணில் கசியவிடும். அதை உணர்ந்த பூசண இழை வேருக்கு அருகில் கிளைகளாகப் பிரிகிறது. இதை 2005-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். பூசணமும் பதிலுக்குத் தன் சமிக்ஞையை அனுப்பும். செடி அதை அடையாளம் கண்டு, நோய்க்கிருமிக்குக் காட்டும் முழு எதிர்ப்பைக் காட்டாமல் வழிவிடுகிறது. இழை வேரின் தோலைக் கடந்து உட்புறணிச் செல்லுக்குள் நுழைந்து, குட்டி மரம்போல் நுணுக்கமாகக் கிளைக்கிறது. இந்தக் கிளைப்புக்கு ஆர்பஸ்கியூல் என்று பெயர். செல்லின் சவ்வைப் பூசணம் கிழிப்பதில்லை. செடி புதிதாகச் சவ்வு நெய்து ஒவ்வொரு கிளையையும் போர்த்துகிறது. பரிமாற்றம் நடப்பது செடியின் இந்தச் சவ்வுக்கும் பூசணத்தின் சவ்வுக்கும் நடுவே இருக்கும் இடுக்கில்தான்.

மண்ணில் எடுத்த பாஸ்பேட்டைப் பூசணம் பாலிபாஸ்பேட் என்ற நீளச் சங்கிலியாகக் கோத்து இழை வழியே அனுப்புகிறது. குறுக்குச் சுவர் இல்லாத இழை என்பதால் ஓட்டத்துக்குத் தடையில்லை. ஆர்பஸ்கியூலுக்கு வந்ததும் சங்கிலி உடைந்து பாஸ்பேட் இடுக்கில் விடப்படும், செடியின் சவ்வில் இருக்கும் கடத்திப் புரதம் உள்ளே இழுத்துக்கொள்ளும். தழைச்சத்து ஆர்ஜினின் என்ற அமினோ அமிலமாக இழையில் பயணித்து, கடைசியில் அம்மோனியமாகக் கைமாறுகிறது. துத்தநாகமும் செம்பும் இதே வழியில் வருகின்றன.

பதிலுக்குச் செடி தருவது சர்க்கரையும் கொழுப்பும். சர்க்கரை மட்டும் என்றுதான் வெகுகாலம் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. 2017-இல் வெளியான ஆய்வுகள் அதைத் திருத்தின: கொழுப்பு அமிலத்தை முதலிலிருந்து தயாரிக்கும் மரபணுத் தொகுதியே இந்தப் பூசணத்திடம் இல்லை, செடிதான் கொழுப்பைத் தயாரித்துக் கொடுக்கிறது. ஒளிச்சேர்க்கையில் செடி கட்டும் கரிமத்தில் 4 முதல் 20 விழுக்காடு வரை பூசணத்துக்குப் போகிறது என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. சம்பளத்தில் ஐந்தில் ஒன்றைக் கொடுப்பதென்றால் எதிர்ப்பக்கத்தில் சரக்கு வந்தே ஆகவேண்டும், இல்லையா?

செடியும் அப்படித்தான் கணக்குப் பார்க்கிறது. ஓர் ஆர்பஸ்கியூலின் ஆயுள் சில நாள்கள்தான், அதன்பின் செடி அதைச் சிதைத்துவிடும். பாஸ்பேட் கடத்திப் புரதம் செயலிழந்த செடிகளில், பாஸ்பேட் செல்லுக்குள் வராததால், ஆர்பஸ்கியூல்கள் முழுமையாக வளரும் முன்பே சிதைவதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். அதிகம் தரும் பூசணத்துக்குச் செடி அதிகக் கரிமம் கொடுக்கிறது, அதிகம் தரும் வேருக்குப் பூசணம் அதிக மணிச்சத்து கொடுக்கிறது என்று 2011-இல் ஓர் ஆய்வு காட்டியது. எங்கும் இவ்வளவு நியாயமாக நடக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். 2012-இல் வந்த இன்னோர் ஆய்வில் சோளத்தையும் (மக்காச்சோளம் அல்ல, சோர்கம்) ஆளிவிதைச் செடியையும் ஒரே பூசண வலையில் வளர்த்தார்கள். கரிமத்தில் பெரும்பங்கு கொடுத்தது சோளம். ஆளி கொடுத்தது சொற்பம், ஆனால் வலை வழங்கிய தழைச்சத்திலும் மணிச்சத்திலும் 94 விழுக்காடு வரை அதுவே வாங்கிக்கொண்டது. சோளம் அதனால் பெரிதாக நட்டப்படவும் இல்லை. அதற்குக் கரிமம் மிச்சமாகவே இருந்திருக்கலாம். எது மலிவோ அதைக் கொடுத்து, எது அரிதோ அதை வாங்குவது என்ற அளவில்தான் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

இனி மலைக்காடு. டிப்டெரோகார்ப் என்னும் குடும்பம் இங்கே கோலோச்சுகிறது: மெராந்தி, செங்கால், கெருயிங், மெராவான், கற்பூரம் கொடுத்த கபூர். குங்கிலியம் தரும் சால மரமும் இதே குடும்பந்தான். இவை வெளிப்பூசணக் கூட்டணி. உலகத் தாவர இனங்களில் ஏறக்குறைய 2 விழுக்காடு மட்டுமே இந்த வகை என்றாலும், பைன், ஓக், டிப்டெரோகார்ப் என்று காட்டையே ஆளும் மரங்கள் அதில் இருக்கின்றன. மைக்கோரைசா என்ற பெயரை 1885-இல் சூட்டிய ஜெர்மானியர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் பார்த்ததும் குளிர்நாட்டு மரங்களில் இந்த வகையைத்தான். வெப்பமண்டலக் காட்டில் இது அவ்வளவாக இருக்காது என்ற எண்ணம் பின்னாளில் பொய்த்தது. மலாயாவின் டிப்டெரோகார்ப் வேர்களில் இது இருப்பதை 1960-களில் பதிவு செய்தார்கள்.

இங்கே பூசணம் வேர்நுனியின் மேல் உறைபோல் படர்ந்து, உள்ளே செல்களுக்கு இடையில் வலைபோல் ஓடும், செல்லுக்குள் போகாது. உட்பூசணத்திடம் இல்லாத ஒரு திறமை இதற்கு உண்டு. மக்கும் இலையிலும் மட்கிலும் பூட்டிக் கிடக்கும் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் நொதிகளைச் சுரந்து நேரடியாக உடைத்து எடுக்கக்கூடிய இனங்கள் இதில் பல. உட்பூசணத்தின் மரபணுவில் அப்படிப்பட்ட நொதிகள் மிகக் குறைவு, பாக்டீரியாவும் மற்றப் பூஞ்சைகளும் உடைத்துப் போட்டதைத்தான் அது பொறுக்க வேண்டும். எனவே டிப்டெரோகார்ப் மரத்தடியில் சருகுக்கும் வேருக்கும் நடுவில் இடைத்தரகர் குறைவு. செம்மண்ணில் கலந்து இரும்பிடம் மாட்டுவதற்கு முன்பே சத்து திரும்ப மரத்துக்கு ஏறிவிடுகிறது. மரத்தை வெட்டிச் சருகையும் வாரிவிட்டால் கீழே வெறும் செம்மண்தான் மிஞ்சும் என்பதும் இதனால்தான்.

கோலாலம்பூரை அடுத்த கெப்போங் வன ஆய்வுக் கழகம் இதைப் பார்க்க நல்ல இடம். பழைய வெள்ளீயச் சுரங்கமும் காய்கறித் தோட்டமுமாகச் சீரழிந்த நிலத்தில் 1920-களிலிருந்து மரம் வைத்து உண்டாக்கிய காடு அது. 2025-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிலும் ஏறிவிட்டது. எல்லாரும் அண்ணாந்து, ஒன்றையொன்று தொடாத கபூர் இலைவிதானத்தைப் படம் பிடிக்கிறார்கள். கீழே குனிபவர் குறைவு. மேல்சருகைக் கையால் மெதுவாக விலக்கினால், மட்கு அடுக்கில் மெல்லிய வேர்கள் தெரியும். அவற்றின் நுனி குட்டையாக, சற்றே பருத்து, கிளைத்து, வெள்ளையாகவோ மஞ்சளாகவோ கறுப்பாகவோ உறைபோட்டு, வேர்த்தூவி இல்லாமல் இருந்தால் அதுதான் வெளிப்பூசணம். பத்து மடங்கு கைலென்ஸ் போதும். வேரைப் பிடுங்கவோ மண்ணைத் தோண்டவோ வேண்டாம், பார்த்ததும் சருகை மூடிவிடுங்கள். புக்கிட் நானாஸிலும் பினாங்கு மலையிலும் இதே நடைமுறைதான்.

நல்ல மழைக்குப்பின் இந்த மரங்களின் கீழ் முளைக்கும் ரஸ்ஸுலா, அமானிட்டா, போலீட் வகைக் காளான்களில் பல, வேரோடு கூட்டுச் சேர்ந்த பூசணத்தின் கனிகள். எல்லாக் காளானும் அப்படியல்ல. தடித்த தண்டோடு புற்றிலிருந்து வரும் கறையான் காளான் வேருக்குச் சொந்தமில்லை, அது கறையான் வளர்க்கும் பயிர். அமானிட்டாவில் ஆளைக் கொல்லும் இனங்கள் உண்டு. மரத்தடிக் காளானைப் பறித்துக் குழம்பு வைக்கும் யோசனை வேண்டாம்.

டிப்டெரோகார்ப் கன்று வளர்ப்பவர்களுக்கு ஒரு சிக்கல். இந்த மரங்கள் ஆண்டுதோறும் பூப்பதில்லை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காடே சேர்ந்து காய்க்கும். விதையைச் சேமித்தும் வைக்க முடியாது, சீக்கிரம் முளைத்துவிடும் அல்லது செத்துவிடும். காட்டில் தாய்மரத்தடியில் முளைத்த கன்றுக்கு அங்கே ஏற்கனவே இருக்கும் இழைகள் தானாக ஒட்டிக்கொள்கின்றன. நாற்றங்காலில் புதுமண் பையில் போட்டால் அது நடக்குமென்று சொல்ல முடியாது. அதனால் தாய்மரத்தடி மட்கையோ, பூசணம் பிடித்த பழைய கன்றின் வேர்மண்ணையோ கலக்கிறார்கள். பிறகு அந்தப் பையை வெட்டவெளியில் வைக்கக்கூடாது. கறுப்புப் பையின் மண் சூடேறினால் பூசணம்தான் முதலில் போகும். நிழல்வலை வெறும் இலைக்காக மட்டுமல்ல. பைன் மரத்தைப் புதிதாகக் கொண்டுபோய் நட்ட போர்ட்டோரிக்கோவிலும் முதலில் கன்றுகள் மஞ்சளாகித் தேங்கின. பைன் காட்டு மண் கலந்தபின்தான் எழுந்தன.

மரங்கள் பூசண வலை வழியாகப் பேசிக்கொள்கின்றன, தாய்மரம் பிள்ளைக்குச் சோறூட்டுகிறது என்ற கதை இப்போது வாட்ஸ்அப் வரை வந்துவிட்டது. 1997-இல் கனடாவில் பிர்ச், டக்ளஸ் ஃபிர் கன்றுகளுக்கிடையே கரிமம் நகர்ந்ததை அளந்தது உண்மை. ஆனால் களத்தில் அந்த நகர்வு வலை வழியாக மட்டும்தான் நடந்தது, அதனால் கன்றுக்கு உண்மையில் பலன் கிடைத்தது என்பதற்கான சான்று, மக்கள் நம்பும் அளவுக்கு வலுவாக இல்லை. 2023-இல் இதே துறையைச் சேர்ந்த மூன்று ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுக் கட்டுரைகளை அலசி வெளிப்படையாகவே அப்படி எழுதினார்கள். என் கட்சியும் அதுதான். பாசக்கதை இல்லாமலே இந்த விஷயம் போதுமான அளவு வியப்பானது. இந்த வலையில் திருடர்களும் உண்டு: மலேசியக் காடுகளில் காணப்படும் திஸ்மியா என்ற சின்னஞ்சிறு செடிக்குப் பச்சையமே கிடையாது. கரிமத்தையும் சத்தையும் பூசணத்திடமிருந்தே உறிஞ்சிக்கொள்கிறது.

வீட்டுத் தோட்டத்துக்கு வருவோம். முதலில், எல்லாச் செடிக்கும் இந்தக் கூட்டணி பொருந்தாது. சவி, கோஸ், முள்ளங்கி போன்ற கடுகுக் குடும்பம் இந்தப் பூசணத்தோடு சேராது. முளைக்கீரையும் பசலைக் கீரையும் கிட்டத்தட்ட அப்படித்தான். கீரைப் பாத்திக்கு மைக்கோரைசாப் பொட்டலம் வாங்குவது காசைத் தண்ணீரில் போடுவது. தென்னைநார்த் தூளில் சொட்டுநீரோடு முழு உரமும் கரைத்துக் கொடுத்து மிளகாய் வளர்ப்பவர்களுக்கும் தேவையில்லை, அங்கே மணிச்சத்துக்குப் பஞ்சமில்லை என்பதால் செடி பூசணத்தைக் கூப்பிடவே கூப்பிடாது.

பலருக்குப் புரியாமல் போவது இங்கேதான். மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி ஸ்ட்ரைகோலாக்டோனைக் குறைத்துவிடும், பூசணம் வேரில் ஏறாது. ஒரு கையால் பொட்டலத்தைத் தூவி, மறுகையால் 15-15-15 உரத்தையும் கோழி எருவையும் குவித்தால் முதலாவது வீண். நட்ட முதல் நான்கு வாரத்துக்குக் கரையும் மணிச்சத்து உரத்தை ஒதுக்கி வையுங்கள். மணிச்சத்து வேண்டுமென்றால், தோட்டங்களில் செம்பனைக்குப் போடும் கிறிஸ்துமஸ் தீவுப் பாறை பாஸ்பேட்டில் ஒரு மேசைக்கரண்டியை ஒரு பை மண்ணில் கலக்கலாம். நம் புளித்த செம்மண்ணில் அது மெல்லக் கரையும். சுண்ணாம்பு போட்டுக் கார அமில நிலையை 6-க்கு மேல் ஏற்றிய மண்ணில் அது சரியாகக் கரையாது, கிடந்தபடி கிடக்கும்.

நாற்றுக்கடைகளில் கிடைக்கும் சுட்ட மண்ணிலும் தென்னைநார்த் தூளிலும் பூசணம் இருக்காது. அந்த மண்ணில் மிளகாய், கத்திரி, கறிவேப்பிலை, பப்பாளி வைப்பவர்களுக்குப் பூசணம் சேர்ப்பது பயன்தரும். விலைக்கு வாங்காமல் வீட்டிலேயே பெருக்கலாம். லாலாங் புல் அடர்ந்த, உரம்படாத இடத்தில் மேலிருந்து 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குள் மண்ணையும் மெல்லிய வேரையும் சேர்த்து எடுங்கள். அதில் ஒரு பங்குக்கு, கழுவிய ஆற்றுமணல் மூன்று பங்கு. பினாங்கில் கடற்கரை மணலை அள்ளிவர வேண்டாம், உப்பு கெடுத்துவிடும். ஐந்து லிட்டர் தொட்டியில் நிரப்பி ஐந்தாறு மக்காச்சோள விதை ஊன்றி, முழு வெயிலில் 12 முதல் 16 வாரம் வளருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு லிட்டர் நீரில் 1 கிராம் யூரியா. மணிச்சத்து உரம் கூடாது. கடைசியில் நீரை நிறுத்தி இரண்டு வாரம் காயவிட்டால் பூசணம் வித்துகளைக் கட்டும். தண்டை வெட்டியெறிந்து, வேரை ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி அதே மணலோடு கலந்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் வையுங்கள். நடும்போது குழிக்கு ஒரு கைப்பிடி, நாற்றின் வேர் அதன்மேல் உட்காரும்படி. மண்ணின் மேல் தூவினால் பயனில்லை, வேர் அதைத் தொட வேண்டும்.

இதில் கெடுவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். ஒன்று நிழல். அடுக்குமாடி வீட்டுப் பலகணியில் அரை வெயிலில் வளர்ந்த மக்காச்சோளத்திடம் கொடுக்கச் சர்க்கரை இருக்காது, பூசணமும் பெருகாது. மற்றது நூற்புழு. தக்காளி, மிளகாய் பயிரிட்ட மண்ணை எடுத்துப் பெருக்கினால் வேர்முடிச்சு நூற்புழுவும் கூடவே வரும். அதனால்தான் புல்லடி மண். நறுக்கும்போது வேரில் கொத்துக்கொத்தாக முண்டுகள் தெரிந்தால் மொத்தத்தையும் தூக்கி எறிந்துவிடுங்கள்.

வேரில் பூசணம் பிடித்திருக்கிறதா என்று பார்க்க நுண்ணோக்கி வேண்டும். 100 மடங்கு போதும், பள்ளிக்கூட நுண்ணோக்கியே காட்டும். ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய இளவேர்களைக் கழுவி, 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் 90 டிகிரிச் சூட்டில் 15 முதல் 30 நிமிடம் வையுங்கள். கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். தண்ணீரில்தான் காரத்தைப் போட வேண்டும், காரத்தில் தண்ணீரை ஊற்றக்கூடாது. அலுமினியப் பாத்திரம் ஆகாது. வேர் கண்ணாடிபோல் வெளிறியதும் நன்றாக அலசி, வெள்ளை வினிகரில் ஒருமுறை முக்குங்கள். பிறகு 95 மில்லி வினிகரில் 5 மில்லி பேனா மை கலந்து, கொதிநிலையில் மூன்று நிமிடம். ஷீஃபர் கறுப்பு மை இதற்குப் பேர்போனது. கடைசியில் சில துளி வினிகர் விட்ட தண்ணீரில் 20 நிமிடம் ஊறவிட்டால் வேரின் சாயம் போய்ப் பூசணத்தின் நீலம் மட்டும் நிற்கும். குறுக்குச் சுவர் இல்லாத இழை, பலூன்போல் உப்பிய பைகள், செல்லுக்குள் குட்டி மரங்கள். வேர் கூழாகிவிட்டால் காரத்தில் அதிக நேரம் இருந்தது. எல்லாமே நீலமாக இருந்தால் கடைசி ஊறல் போதவில்லை. நிறமே ஏறவில்லையென்றால் காரம் முழுதாகக் கழுவப்படவில்லை. பழுப்பாக, இடையிடையே சுவரோடு ஓடும் இழை வேறு பூஞ்சை, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பொட்டலமே வாங்குவதானால் அதில் எந்த இனம், கிராமுக்கு எத்தனை வித்து, எந்தத் தேதி வரை என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் வைத்துவிட்டு வாருங்கள். கடை வாசலில் வெயிலில் கிடந்த பொட்டலமும் வேண்டாம். கார்பென்டசிம், பெனோமில் வகைப் பூஞ்சைக்கொல்லியை மண்ணில் ஊற்றும் வழக்கம் இருந்தால் அதை முதலில் நிறுத்த வேண்டும். ஆய்வாளர்கள் வேரில் பூசணத்தை ஒடுக்க வேண்டியபோது கையிலெடுப்பதே பெனோமிலைத்தான்.